கருப்பட்டிக்கு லக்கேஜ் டிக்கெட்

இலை மூஞ்சியில இடிக்குதுங்களா கண்ணு? சித்த இருங்க, இப்படித் திருப்பிக்கறேன். ஆ, இப்பச் செரி. இத்தன நேரம் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னுக்கிட்டே வந்தீங்க. வாங்கி மடியில வெச்சுக்கலாம்னா மடியில இது உக்காந்திருக்குது. நல்லவேளை, வெள்ளக்கிணறு ஸ்டாப்புல ஒரு சீட்டு காலியாச்சு.

பாருங்க, நம்ம பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லீங்க. இதுக்கு இருக்குது. லக்கேஜுன்னு கிழிச்சுக் குடுத்துட்டுப் போறாப்ல அந்தக் கண்டக்டரு. "ஏனுங்க, இது என்ன மூட்டையா, நாலு இலையும் ஒரு தண்டுந்தானே"ன்னு கேட்டனுங்க. "உசரத்தைப் பார்த்தீங்களா, சின்னப் புள்ளையா இருந்தாக்கூட அரை டிக்கெட் போட்டிருப்பேன்"கறாப்ல. லொள்ளு.

ரப்பர் செடிங்க இது. பேரு கருப்பட்டி. நான் வெச்ச பேரில்லீங்க. செடிக்குப் பேரு வெக்கற ஆளா நான்? எனக்குச் செடின்னா செடி, அவ்வளவுதான். அந்த சன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து உடறீங்களா? காத்து நேரா அடிச்சா இதுக்கு ஆகாது.

என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல. ஆபீசுங்கள்ல இருக்கற செடிக்குத் தண்ணி ஊத்தற வேலைங்க. நீங்க சிரிக்கறீங்க. எல்லாருந்தான் சிரிப்பாங்க. துடியலூர்ல சென்னியப்பண்ணன்னு ஒருத்தரு நர்சரி வெச்சிருக்கறாரு. அவருதான் என்ற மொதலாளி. செடியை விக்கறதைக் காட்டிலும் வாடகைக்கு உடறதுதான் எச்சு. ஆபீசு, ஆஸ்பத்திரி, நகைக்கடைன்னு செடியைக் கொண்டு போயி வெப்போம். ஒவ்வொரு எடத்துக்கும் வாரத்துல ரெண்டு நாள் நான் போயிப் பார்த்துக்கோணும். அதுல பெரிய எடம் சரவணம்பட்டில ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிங்க. நாலாவது மாடி பூராவும் நம்முளுதுதான், அறுபத்திரண்டு தொட்டி, அங்க மட்டும் தெனமும் போகோணும். அது இருக்கறதாலதான் எனக்கு இந்த வேலை. அது போச்சுன்னா மறுக்கா நர்சரியில உக்காந்து நாத்து வெக்கற பிளாஸ்டிக் கவருக்கு மண்ணு ரொப்போணும். அஞ்சு வருசம் ரொப்பினவ நான், இடுப்பு உட்டுப் போகுமுங்க.

தண்ணி ஊத்தறதுல என்ன இருக்குதுன்னு நெனைப்பீங்க. மண்ணுக்குள்ள வெரலை ரெண்டு கணு உட்டுப் பார்க்கோணும். ஈரம் இருந்துச்சுன்னா கம்முனு நகந்துரோணும். எங்க ஊட்டுக்காரரு பழைய வேட்டியை நனைச்சு, ஒவ்வொரு இலையையும் அடியில கை குடுத்துத் தொடைக்கோணும். தொட்டியைக் கால்வாசி திருப்பி வெக்கோணும், இல்லீன்னா வெளிச்சத்துப் பக்கமாவே சாஞ்சுக்கும். ஏசிக் காத்து நேரா அடிக்கற எடத்துல வெக்கவே கூடாது. மாவுப்பூச்சி வந்தா வெரல்லயே நசுக்கி எடுக்கோணும். இதெல்லாம் செடியோட வேலை. ஆபீசுக்காரங்களோட வேலை தனி. அவங்களுக்கு ஒரு பழக்கம் பாருங்க. பொழுதோட ஊட்டுக்குப் போறப்ப பாட்டில்ல மிச்சமிருக்கற தண்ணியைச் செடியில கவுத்திட்டுத்தான் போவாங்க. ஒருத்தரு ரெண்டு பேரு இல்லீங்க, எல்லாரும். சில பேரு டீயையுங்கூட. அதுல வேரு அழுகிப் போயிருது. அதைச் சொல்லிச் சொல்லியே என்ற தொண்டை கட்டிப் போச்சு.

காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு சென்னியப்பண்ணன் அங்க ஒரு போர்டு மாட்டி உட்டிருக்கறாரு. அது நெசமோ என்னமோ எனக்குத் தெரியாதுங்க, அவருக்கே தெரியுமான்னு சந்தேகந்தான். நான் பார்த்தது வேற. மேலதிகாரிகிட்டப் பேச்சு வாங்கிட்டு வர்ற பையன் நேரா சீட்டுக்குப் போக மாட்டான். செடிகிட்ட வந்து நிப்பான். ஒரு இலையைப் புடிச்சுத் தடவிக்கிட்டே நிப்பான், அப்பறந்தான் போவான். ஊட்டுல சண்டைன்னா போனை எடுத்துக்கிட்டு அந்த மூலைக்குத்தான் போவாங்க. நான் பாட்டுக்குத் தொடைச்சுக்கிட்டிருப்பேன். என்னைக் கண்டுக்கவே மாட்டாங்க. எத்தனை ஊட்டுப் பேச்சு, குடும்ப நாயம் என்ற காதுல உழுந்திருக்குது தெரியுங்களா!

செரி, கருப்பட்டி நாயத்துக்கு வர்றேன்.

எங்க தொழில்ல ஒரு ரகசியம் இருக்குதுங்க. வெளிய சொல்லப்படாது, உங்ககிட்டச் சொல்றேன். உள்ளாற வெச்ச செடி ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு மேல தாங்காது. வெளிச்சம் பத்தாம வெளிறிப் போகும். அதனால நோஞ்சானான செடியை நர்சரிக்குக் கொண்டு போயி, நெழல் வலைக்கடியில வெச்சுத் தேத்துவோம். அந்த எடத்துல அதே மாதிரி, அதே உசரத்துல இன்னொண்ணை வெச்சிருவோம். காலையில ஏழு மணிக்குள்ள, ஒருத்தரும் வர்றதுக்கு முன்னாடி வேலையை முடிச்சரோணும். அழகுத் தொட்டி அப்படியே இருக்கும். உள்ள இருக்கற கறுப்புத் தொட்டியை மட்டும் தூக்கி மாத்தறது. "நம்ம செடிக்குச் சீக்கே வராதுன்னு அவங்க நெனைக்கோணும்"பாரு சென்னியப்பண்ணன். அவங்களும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டிருந்தாங்க.

போன வருசம் ஆனி மாசம் மோகனப்பிரியான்னு ஒரு புள்ள வேலைக்குச் சேர்ந்துச்சு. குளித்தலைப் பக்கம். ஊரை உட்டு மொத மொதல்ல வெளிய வந்த புள்ள. தூணு ஓரத்துல அதுக்கு சீட்டு. அன்னிக்குத்தான் அந்தத் தூணுகிட்ட ஒரு ரப்பர் செடி வெச்சேன், முழ உசரம் இருக்கும். "அக்கா, நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஜாயின் பண்ணியிருக்கோம்"னு சொல்லிச் சிரிச்சுது. இலை கருகருன்னு இருக்குதுன்னு கருப்பட்டின்னு பேரு வெச்சுது. அவங்க கழுத்துல மாட்டிக்கறாங்கல்ல அடையாள அட்டை, அதே மாதிரி ஒண்ணு எழுதிக் கவுத்துல கட்டி இதுக்கும் மாட்டி உட்டுருச்சு. அதோட நின்னுச்சா? அதோட உசரத்துக்குத் தூணுல பென்சில்ல ஒரு கோடு. தேதியோட. புள்ளைங்களை நிக்க வெச்சு செவுத்துல கோடு போடுவாங்கல்ல, அப்படி. மாசா மாசம் மொதத் தேதியில கோடு. அந்த டீம் பூராவும் கூடி நின்னு பார்க்கும்.

எனக்கு அது தெரியாதுங்க. நான் தொட்டியைப் பார்க்கறவ, தூணை எதுக்குப் பார்க்கறேன்?

ரெண்டு மாசத்துல கருப்பட்டிக்கு வேரு அழுகிப் போச்சு. பாசத்துல அந்தப் புள்ள பாட்டில் பாட்டிலா ஊத்தியிருக்குது. அடி இலை மஞ்சளாகி மூணு உதிந்திருச்சு. திங்கக்கிழமை காலையில அட்டையைக் கழட்டிப் புதுச் செடிக்குக் கட்டி, மாத்திட்டேன். மாத்திட்டு நிமுந்து பார்க்கறேன், தூணுல கோடு! புதுச் செடி கோட்டுக்கு நாலு வெரக்கடை கீழ நிக்குது. மணி ஏழரை. வேற செடி கையில இல்ல. அப்ப பாருங்க, எனக்கு ஒரு புத்தி வந்துச்சு. கட்டட வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு கீழ. ஓடிப் போயி ஒரு செங்கல்லை எடுத்துக்கிட்டு வந்தேன், அழகுத் தொட்டிக்குள்ள போட்டு அதுமேல கறுப்புத் தொட்டியை வெச்சேன். கோட்டைத் தாண்டி ஒரு வெரல் மேலயே போயிருச்சு. மோகனப்பிரியா வந்து பார்த்துட்டுக் குதிக்குது! "அக்கா, சனி ஞாயிறுல வளந்திருச்சுக்கா!"

அப்பறம் என்ன பண்ணச் சொல்றீங்க? ஒருக்கா வளந்தது மறுக்கா குட்டையாக முடியுங்களா? மாத்தறப்பல்லாம் ஒரு வெரக்கடை ஒசத்தியான செடியாத் தேடி எடுத்துட்டுப் போவேன், பத்தலைன்னா கல்லு. நாடா வெச்சு அளந்து அளந்து, தையக்காரி மாதிரி ஆயிட்டேன் நானு. பதினாலு மாசத்துல ஒம்பது கருப்பட்டிங்க! வருசம் முடிஞ்சப்ப அதுக்குப் பொறந்த நாளு வேற கொண்டாடினாங்க. என்ற கையில கத்தியைக் குடுத்து, "நீங்கதாங்கா வளத்தவங்க, நீங்க கேக் வெட்டுங்க"ன்னாங்க. வெட்டினேன். என்ற துண்டைத் திங்காம அப்படியே வெச்சுட்டேனுங்க. க்ரீம் எச்சுன்னு நெனைக்கறேன்.

மொதச் செடியா? அதைக் குப்பைக் குழியில போடச் சொன்னாரு சென்னியப்பண்ணன். அழுகின வேரை வெட்டி, வேற மண்ணு மாத்தி, ஊட்டுக்குக் கொண்டு போயிட்டேன். பாசமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒரு தொட்டி சும்மா கெடந்துச்சு, அதுக்காகத்தான். சமையக்கட்டு சன்னல்ல வெச்சேன். "என்கிட்டப் பேசறதைக் காட்டிலும் அதுகிட்டத்தான் எச்சாப் பேசற"ம்பாரு எங்க ஊட்டுக்காரரு. பேசறதில்லீங்க. திட்டறதுதான். புது இலை உடறதுக்கு அத்தனை சோம்பேறித்தனம் இதுக்கு, திட்டினாத்தான் உடும்.

இந்த ஆடி மாசம் அங்க புது மேனேஜரு வந்தாரு. அபினேஷ்னு பேரு. நல்லவருதான், ஆனா எதைப் பார்த்தாலும் எடுத்துரலாமாம்பாரு. "இத்தனை செடி, இத்தனை தண்ணி, கொசு வேற. பிளாஸ்டிக் செடி வெச்சுட்டா வேலை முடிஞ்சுது"ன்னுட்டாரு. அறுபத்திரண்டு தொட்டியும் போச்சுன்னா நானும் போச்சு.

ஆனா அந்த டீம் உடலீங்க. மேனேஜரைத் தூணுகிட்டயே கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. சென்னியப்பண்ணனும் வந்திருந்தாரு, நானும் தொடைக்கற துணியோட நின்னேன். மோகனப்பிரியா கோட்டையெல்லாம் காட்டுச்சு. "சார், பிளாஸ்டிக் இப்படி வளருமா? நான் வந்த புதுசுல மூணு தடவை, வேலையே வேண்டாம்னு பேப்பர் போட்டுட்டு ஊருக்குப் போயிரலாம்னு நெனைச்சேன். ஒவ்வொரு தடவையும் இந்தக் கோட்டைப் பார்ப்பேன். இத்தனை இருட்டு மூலையில இதுவே வளருது, நமக்கென்னன்னு உக்காந்துக்குவேன்."

அந்தாளும் கொஞ்சம் எளகிட்டாரு. என்னைப் பார்த்து, "என்னக்கா, நிஜமா இதே செடி இங்கயே இருந்து இவ்வளவு வளர்ந்ததா?"ன்னாரு.

தலையை ஆட்டினாப் போதுங்க. அவ்வளவுதான். வேலை கையை உட்டுப் போகாது. சென்னியப்பண்ணன் பொறத்தாண்ட நின்னு, ஆட்டு ஆட்டுன்னு கண்ணைக் காட்டறாரு. நானும் ஆட்டத்தான் போனேன். அந்தப் புள்ள என்னைப் பார்த்துச்சு பாருங்க. கொஞ்சங்கூட சந்தேகமே இல்லாம, சிரிச்ச மூஞ்சியா. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலைங்க. வாயி தானாத் தொறந்துக்கிச்சு.

"இல்லீங்க சார். இது ஒம்பதாவது செடி. அடியில ஒரு கல்லு வேற இருக்குது."

அபினேஷ் சாரு கறுப்புத் தொட்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, சிரிக்கறதா என்னன்னு தெரியாம நின்னாரு. "அப்ப உயிருள்ள செடி இங்க வளராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க"ன்னாரு. அதுவும் செரிதானுங்களே. மோகனப்பிரியா வந்து, செடியில தொங்கின அட்டையைக் கழட்டி டிராயருக்குள்ள போட்டுப் பூட்டிக்கிச்சு. என்னைத் திட்டியிருந்தாக்கூட எனக்கு இத்தனை வெசனம் இருந்திருக்காது. சென்னியப்பண்ணந்தான் அதுக்கும் சேர்த்துத் திட்டினாரு, வண்டியில துடியலூர் வர்ற வரைக்கும்.

அடுத்த வாரமே எல்லாத் தொட்டியும் காலி. பிளாஸ்டிக் வந்து உக்காந்துக்கிச்சு. நான் கவருக்கு மண்ணு ரொப்ப உக்காந்துட்டேன்.

இனிமேத்தான் தமாசு. கேளுங்க. அந்த சனங்களுக்குப் பழக்கம் உடுமா? பொழுதானா எந்திரிக்கறது, மிச்சத் தண்ணியைக் கவுக்கறது. பிளாஸ்டிக் செடியிலயும் கவுத்திருக்காங்க! ஆளாளுக்கு. மண்ணு இருந்தாக் குடிக்கும், பிளாஸ்டிக் செடிக்கு அடைச்சு வெச்சிருக்கற தெர்மாகோலு குடிக்குமா? தொட்டி ஓட்டை வழியா எறங்கி, தரை விரிப்புக்கடியில போற வயரு பூராவும் தண்ணி. ரெண்டாவது திங்கக்கிழமை பாதி மாடிக்குக் கம்ப்யூட்டரே எரியலை. அபினேஷ் சாரு பேன்ட்டை மடிச்சு உட்டுக்கிட்டு நின்னாராம். ரெண்டு வருசமா நான் தொண்டை கிழியத் திட்டின பழக்கம் பாருங்க, கடைசியில அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. "உங்க செடி அக்காவையே வரச் சொல்லுங்க"ன்னு சென்னியப்பண்ணனுக்குப் போன் வந்துச்சு.

நம்ம செடியெல்லாம் மறுக்கா அங்க போயிருச்சு. இப்ப ஒளிவு மறைவெல்லாம் இல்லீங்க. பட்டப்பகல்ல, பத்து மணிக்குத்தான் செடியை மாத்தறேன். மாத்தற செடிக்கு லீவு லெட்டரு எழுதி எடத்துல வெச்சிருவாங்க அந்தப் பசங்க. "உடம்பு சரியில்லை, ரெண்டு வாரத்தில் வந்துவிடுவேன்"னு. லீவு முடிஞ்சு வந்தா அதே செடிதான் அதே எடத்துக்கு வரோணும். எனக்குத்தான் எது எதுன்னு நெனப்பு வெக்கறது பெரும்பாடா இருக்குது.

ஆனா தூணு ஓரம் மட்டும் காலி. மோகனப்பிரியா அங்க ஒண்ணையும் வெக்க உடலை. என்கிட்டப் பேசவும் இல்லை. நாலு நாள் கழிச்சுத் தண்ணி புடிக்கற எடத்துல வந்து நின்னுச்சு. "மொதச் செடியை எங்கக்கா தூக்கிப் போட்டீங்க?"

"தூக்கிப் போடலை கண்ணு. எங்க ஊட்டுல இருக்குது."

நம்பலைங்க. நான் சொல்றதை எதுக்கு நம்போணும்? ஞாயித்துக்கிழமை டேப்பை எடுத்துக்கிட்டு ஊட்டுக்கே வந்திருச்சு. சமையக்கட்டுல நின்னு பார்த்துச்சு. அடித்தண்டுல, அட்டைக் கவுறு கட்டின எடத்துல சின்னதா ஒரு தழும்பு இருக்குது, இதா பாருங்க, அதைத் தடவிப் பார்த்துச்சு. அப்பறம் தொட்டி அடியில இருந்து நுனி வரைக்கும் அளந்துச்சு. மறுக்கா அளந்துச்சு. தூணுல இருக்கற கடைசிக் கோட்டைக் காட்டிலும் ஒரு சாண் மேலங்க! நான் கல்லு வெச்சு ஏமாத்தின உசரத்தையெல்லாம் தாண்டி, இது பாட்டுக்கு வளந்து நிக்குது. அந்தப் புள்ள டேப்பைப் புடிச்சுக்கிட்டே அழுதுச்சு. நானும் அழுதேன், அப்ப வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தேன்.

"இதைத் தூணுகிட்டக் கொண்டாந்து வெப்பீங்களா அக்கா?"ன்னு கேட்டுச்சு. "அதுக்கென்ன கண்ணு, செடின்னா செடிதானே, நாளைக்கே கொண்டாறேன்"னு சொல்லிட்டேன்.

அது ஆச்சுங்க மூணு வாரம். மொத வாரம் கொழுந்து சுருள் பிரியற நேரம், அப்ப எடம் மாத்தப்படாது. அடுத்த வாரம் மழை. அதுக்கடுத்து அமாவாசை வந்திருச்சு. நானா ஒண்ணும் தள்ளிப் போடலீங்க, நாள் அமையோணுமில்ல?

என்னங்க கண்டக்டரே? என்ன சொன்னீங்க?

அவரு பேச்சைக் கேட்காதீங்க கண்ணு. "இன்னிக்காச்சும் எறங்குவீங்களா, இல்ல நேத்தாட்ட கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு அதே செடியோட திரும்பறீங்களா"ன்னு கேக்கறாரு. மூணாவது நாளா லக்கேஜு போடறாராம். அது வந்துங்க, திங்கக்கிழமை ஒரே கூட்டம், செடியோட எறங்க முடியலை. நேத்து... நேத்துக் கண்ணசந்துட்டேன். மனுசிக்கு அசதி வராதா? இந்தாளுக்கு எல்லாத்துலயும் லொள்ளுதான்.

ஏனுங்க, அது என்ன, சரவணம்பட்டி ஸ்டாப்புல? பச்சைச் சுடிதாரு. அட, மோகனப்பிரியா! ஆபீசுக்குப் போகாம இங்க எதுக்கு வந்து நிக்குது? கையில என்னமோ கவுறு தொங்குது... அட்டைங்க! கருப்பட்டியோட அட்டை. நான் ரெண்டு நாளாத் தாண்டிப் போனதை ஆரு சொன்னாங்களோ. கண்டக்டரே, சிரிக்காதீங்க. நிறுத்துங்க, எறங்கறேன்.

கண்ணு, நான் எந்திரிக்கற வரைக்கும் இதைச் சித்தப் புடிங்க. தண்டைப் புடிக்காதீங்க, தொட்டியைப் புடிங்க. ஆ, அப்படித்தான். அந்தக் கொழுந்துல கை படாம. குடுங்க, குடுங்க.

நாளைக்கும் இந்த பஸ்ஸுலதான் வருவீங்களா? எடம் கெடைக்கலைன்னா நிக்காதீங்க, நேரா என்கிட்ட வாங்க. பையை நான் வெச்சுக்கறேன். நாளைக்கு என்ற மடி சும்மாதான் இருக்கும்.